ஒரு சின்னக் கீறல்

பீங்கான் பட்டறைகளைப் பார்க்க விருத்தாசலம் வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவரை, உச்சிவெயிலில் ஆட்டோக்காரர் ராஜாங்கம் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குள் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"நாய் புடுங்கிடுச்சு சிஸ்டர். இவரு பேரு டேனியலாம்."

கெண்டைக்காலில் ஒரு கீறல். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நர்ஸ் அன்புக்கரசி குனிந்து அதையே பார்த்தாள்.

போன பங்குனியில் இதே கட்டிலில் ஹெலன் என்ற வெளிநாட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இதே போல நாய்க் கீறல். நாய்க்கடி ஊசி அன்று தீர்ந்துபோயிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆங்கிலத்தில் விளக்கக் கூச்சப்பட்டு, டெட்டனஸுக்கான டி.டி. ஊசி மட்டும் போட்டு, "நோ ப்ராப்ளம்" என்று சிரித்தபடி அனுப்பிவிட்டாள் அன்புக்கரசி. இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் தாயிடமிருந்து கடிதம் வந்தது. தண்ணீரைக் கண்டாலே அலறி, ஒரு மிடறும் இறங்காமல் செத்துப்போனாளாம். கடிதத்தை யாரிடமும் காட்டாமல் கிழித்துப் போட்டாள் அன்புக்கரசி.

இந்த முறை அவள் தாமதிக்கவில்லை. டேனியலின் காலைக் குழாயடியில் நீட்டச்சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினாள்.

கரண்ட் போனது. மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்.

களக்.

விழுங்க முயன்று முடியாமல் தொண்டை அடைத்துக்கொள்ளும் சத்தம். கூடவே புளித்த எச்சிலின் வாடை.

டேனியல் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தார். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "அந்தப் பெண் தண்ணீர் கேட்கிறாள்."

அன்புக்கரசி திரும்பவில்லை. கையும் நிற்கவில்லை. பதினைந்து நிமிடம் முழுசாகக் கழுவினாள். பிடரியில் ஈரமான மூச்சு பட்டுக்கொண்டே இருந்தது.

"மன்னிச்சிடும்மா," என்று முணுமுணுத்தாள். "இவரையாவது காப்பாத்த வுடு."

டாக்டர் பாலகிருஷ்ணன் வந்ததும் அழுதபடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காயத்தைப் பார்த்தார்.

"ஊசி இருக்குது, நான் போடுறேன். காயத்தைச் சுத்திப் போடுற மருந்து நம்மகிட்ட இல்ல. நீயே பாண்டிக்குக் கூட்டிட்டுப் போ. இப்பவே."

பொழுது சாய்வதற்குள் அந்த மருந்தும் ஏறிவிட்டது.

மூன்று மாதம் கழித்து, நலமாக இருப்பதாக டேனியலிடமிருந்து செய்தி வந்தது. அன்றுதான் அவள் மனசு ஆறியது. வீட்டுக்கு வந்து சொம்பில் தண்ணீர் மொண்டு வாயருகே கொண்டுபோனாள்.

ஒரு மிடறும் இறங்கவில்லை.

அவளை எந்த நாயும் கடித்ததில்லை.

களக்.

இம்முறை சத்தம் அவள் தொண்டைக்குள்ளிருந்து வந்தது.