முளைக்காத தாடி

சவரம் செய்த மறுநாள் காலையில் நிலோஜனின் கன்னத்தில் ஒரு முள்கூட முளைத்திருக்கவில்லை. காலையில் வழித்தால் மாலைக்குள் சொரசொரக்கிற முகம் அது. புது பிளேட்டின் கைவரிசை என்று நினைத்து, படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனான். அடுத்த நாளும் கன்னம் அப்படியே இருந்தது.

மனைவியின் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் தாடியில் கைவைக்கக்கூடாது என்று அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும். கேதீஸ்வரிக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்த முறை செய்தி தெரிந்த அன்றே நிலோஜன் றேசரைத் தூக்கி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டான். தாடி நெஞ்சைத் தொட இறங்கியது. வாவிக்கரையில் காற்றே இல்லாத அந்த மாதங்களில் கழுத்தெல்லாம் வியர்க்குரு, சொறிந்து சொறிந்து புண். போதாக்குறைக்கு, புதிதாக வந்த மனேச்சர் அவனைக் காணும்போதெல்லாம் தன் தாடையைத் தடவிக்காட்டுவார். ஒரு மத்தியானம் பொறுமை கெட்டுப்போய், வேலை செய்யும் கந்தோரின் குளியலறையில் எல்லாவற்றையும் வழித்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கேதீஸ்வரி கத்தவில்லை. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்ச நாள் பொறுக்க ஏலாமப் போச்சா உங்களுக்கு?"

"தாடிதானே கேதீ. ரெண்டு கிழமையில வந்திரும்."

வரவில்லை. புண்ணெல்லாம் ஒரே இரவில் ஆறியது. தழும்புகூட இல்லை. தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தான், கற்றாழையைப் பிளந்து அப்பிப் பார்த்தான். எதுவும் தோலில் ஊறவில்லை, வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு இறங்கியது. கல்லடிப் பாலத்தில் உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வரும்போது முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொள்ளும். கன்னம் மட்டும் குளிர்ந்து கிடக்கும். அதிலிருந்து ஒரு வாசம் வேறு வரத் தொடங்கியது. இளம்புளிப்பாக, வெதுவெதுப்பாக, எங்கோ பழகிய வாசம். எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டு, சின்ன வயதிலிருந்து தனக்கு முடி வெட்டும் அழகரத்தினத்தின் சலூனுக்குப் போனான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அழகரத்தினம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெருவிரலால் அவன் கன்னத்தை மேல்நோக்கி நீவினார். பிறகு லைட்டைக் கிட்டே இழுத்து மறுபடியும் நீவினார்.

"தம்பி, வழிச்ச முகத்தில மயிர்க்கண் இரிக்கும். இதுல ஒண்டுமே இல்ல."

"அப்பிடியெண்டா?"

"இது பொறந்த புள்ளட தோல்." அவர் கையை எடுத்துக்கொண்டார். "வீட்ட ஆரும் வயித்துல புள்ளையோட இரிக்காங்களா?"

"இல்லண்ண," என்றான் நிலோஜன். ஏன் பொய் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. அழகரத்தினம் காசு வாங்கவில்லை. டெற்றோல் ஊற்றிக் கையைக் கழுவத் தொடங்கினார்.

அந்த வாசம் என்னவென்று பாதி வழியில் பிடிபட்டது. பால்வாசம். கைக்குழந்தையின் கழுத்தடியில் வருமே, அது. சைக்கிளை நிறுத்திவிட்டு மழைக்குள் நின்றான். தன்னிடம் வந்தது பிள்ளையின் தோல் என்றால், தன்னுடையது எங்கே போயிருக்கும்?

வீட்டில் கேதீஸ்வரி சந்தோசமாக இருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அப்படி ஒரு முகம்.

"இண்டைக்கு ஸ்கேன் பாத்த டொக்டர் சிரிக்கா. புள்ளைக்கு மயிர் எண்டா மயிராம். நல்லா வளந்திட்டாம். இது தங்கிரும், என்ன?"

"ஓம்," என்றான்.

"உள்ளுக்க என்னமோ உரசிற மாதிரித்தான் இரிக்கு. அது பரவாயில்ல."

விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் போனது. வாவிப் பக்கமிருந்து தவளைச் சத்தமும் சேற்று வாசமும் யன்னலால் வந்தன. கேதீஸ்வரி மல்லாந்து படுத்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். அவன் மெழுகுதிரியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் அவள் வயிற்றில் கன்னத்தை வைத்தான்.

சரக்.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். தவளைகள் ஓய்ந்திருந்தன.

சரக். சரக். உள்ளிருந்துதான். கரடான ஒரு தாடை மெல்லத் திரும்புகிற சத்தம்.

தலையைத் தூக்கினான். தொப்புளில் ஏதோ கறுப்பாக. நூல். நூலாகத்தான் இருக்கும் என்று விரலால் பிடித்து எடுத்தான். வரவில்லை. விரலில் சுற்றி இழுத்தான். நீண்டது. ஈரம். தடித்த, சுருண்ட மயிர். அவனுடையது.

இழுத்தால் பிள்ளைக்கு நோகுமோ?

விட்டுவிட நினைத்தான். விரல் கழலவில்லை. மயிர் இறுகியது.

உள்ளிருந்து இழுத்தது.

மெல்ல. மறுபடியும். அவன் கை தோலைத் தொட்டது.

கேதீஸ்வரி கண்ணைத் திறந்தாள். அவன் கை தன் வயிற்றில் இருப்பதைக் கண்டு அவள் முகம் மலர்ந்தது.

"தெரியுதா? புள்ள அசையுது."

விரலின் முதல் கணு உள்ளே போயிருந்தது.