தலையில்லாத காவலாளி

காலை ஏழு மணி. மாடிப்படியின் அடியில் அந்த அம்மாள் மல்லாந்து கிடந்தார். கழுத்து திரும்பியிருந்தது. கையில் தோட்டக் கையுறை. ஏப்ரனின் மார்புப் பக்கம் முழுக்கப் பொன்னிற முள், பூனை முடி போல.

பெண் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு மாடி ஏறினார்.

மேலே கண்ணாடி அறை. ஜன்னலோரம் ஆளுயரத் தூண் கள்ளிகள், துக்கம் கேட்க வந்து பேச்சு வராமல் நிற்பவர்களைப் போல. நடுவில் நின்றதற்கு மட்டும் தலை இல்லை. வெட்டிய தலை காகிதத்தின் மேல் கிடந்தது, பக்கத்தில் கத்தி. இன்ஸ்பெக்டர் வெட்டுவாயைத் தொட்டார். வெள்ளரிக்காய் நறுக்கியது போல் ஈரம். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குப் பேரு காவலாளி." இறந்தவரின் மகள் வாசலிலேயே நின்றாள். இரவு வேலை முடிந்து வந்த உடுப்புகூட மாற்றவில்லை. "நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஒரு பக்கமே வெயில் பட்டுச் சாஞ்சு போச்சு. தலையை வெட்டிக் காய வெச்சு நடும்மான்னு சொன்னதும் நான்தான்."

"அந்த ஓரத்துத் தொட்டியில புதர் மாதிரி இருக்கே, தட்டை தட்டையா?"

"அந்தக் கள்ளிக்குப் பேரு பூனை. குட்டி போட்டுக்கிட்டே இருக்கும். தொட்டா முள்ளு கையோட வந்துடும். அப்புறம் எதையும் பிடிக்க முடியாது."

"நீ ஏன் உள்ள வரல?"

"காவலாளிதானே அம்மாவைக் கொன்னுச்சு. மாமா சொன்னார். அப்ப நான்தானே கொன்னேன்?"

கீழே சோபாவில் இறந்தவரின் தம்பி. தேநீர்த் தம்ளரை விரல் நுனியால் மட்டும் பிடித்திருந்தார்.

"சொல்லுங்க சார்."

"கள்ளி வெட்டப் போறேன்னு அக்கா மேல போனா. பால் கண்ணுல தெறிச்சிருக்கு. எரியுது எரியுதுன்னு கண்ணைப் பொத்திக்கிட்டே ஓடி வந்தா. படி தெரியல."

"நீங்க?"

"இங்கதான் உக்காந்திருந்தேன். பிடிக்க எட்டல மேடம்."

"தூக்கிப் பார்த்தீங்களா?"

"தொடவே இல்ல. நீங்க வந்து பார்க்கட்டும்னு விட்டுட்டேன்."

"செடியையாவது தொட்டீங்களா?"

"அந்தப் பேய்ங்க பக்கமே நான் போறதில்ல."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மேலே அழைத்துப் போனார். மகளிடம் கத்தியை நீட்டினார். "காவலாளியை இன்னொரு சீவு சீவும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீவினாள். கண்ணாடி போல நீர் கசிந்தது. வெறும் நீர்.

"பால் எங்க சார்?"

"கள்ளின்னா பால் இருக்கும்ல மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். எங்க வீட்டுச் செடி எல்லாம் ஒரே வாரத்துல தற்கொலை பண்ணிக்கும், எனக்கென்ன தெரியும்? ஆனா வந்ததுமே தொட்டுப் பார்த்தேன், வெறும் தண்ணி. பால் வடியிற கள்ளி வேற ஜாதி. நம்ம வாயிலதான் ரெண்டும் ஒரே பேரு. வெட்டின தலையை நீங்க பார்த்தீங்க. மீதிக் கதையைக் கள்ளிங்கிற பேரே சொல்லிக் குடுத்துடுச்சு."

தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையை விரிங்க."

இரண்டு உள்ளங்கையிலும் பொன்னிற முள் மின்னியது.

"பூனையை நெஞ்சோட அணைச்சுத் தூக்கி ஓரமா வெச்சிருக்காங்க உங்க அக்கா. அந்த முள்ளுதான் ஏப்ரன்ல. நீங்க செடியைத் தொடல, அக்காவையும் தொடல. இது எங்கிருந்து வந்துச்சு?"

அவர் உள்ளங்கையைப் பார்த்தபடியே சொன்னார். "வீட்டை வித்துடலாம்னேன். இதுங்களுக்கு வெயில் இங்கதான் சரியா விழுது, வரமாட்டேன்னா. மனுஷன் நிக்கிறேன், செடிக்காகப் பேசறா. படிகிட்ட நின்னா... நெஞ்சுல கை வெச்சுத் தள்ளிட்டேன்."

அவரை அழைத்துப் போன காலடிச் சத்தம் படியில் இறங்கி ஓய்ந்தது.

மகள் மட்டும் நின்றாள். தூண்களின் நிழல் அவள் மேல் வரிசையாக விழுந்திருந்தது. காவலாளியின் வெட்டுவாயில் விரலை வைத்தாள். ஈர விரலை, மூடிய இமை மேல் மெல்லத் தடவினாள். காத்திருந்தாள்.

"எரியலம்மா," என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.