இடப்பக்கப் படிக்கட்டு

அன்று காலை பதினொன்று பத்துக்கு வந்த படத்தில் ஒரு பழைய காவல் கோபுரத்தின் பாதிதான் இருந்தது. கருங்கல் சுவர், இடப்பக்கம் ஒட்டி ஏறும் குறுகலான படிக்கட்டு, மேலே ஒரு துண்டு வானம். எக்ஸ்ரே அறையின் தடுப்புக்குப் பின்னால் நின்றபடி அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெளியே பெஞ்சில், மணிக்கட்டை முறித்துக்கொண்ட ஒரு சிறுமி விசும்பிக்கொண்டிருந்தாள். அவசரம்தான். ஆனாலும் விளையாட்டு விளையாட்டுதான்.

அனுப்பியவர் அவள் கணவர். சுற்றுலாப் பேருந்து ஓட்டுபவர். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாலும் கிலோமீட்டரில் பதில் சொல்கிற மனிதர் என்பதால், கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் மைல்கல். ஊர்ல இருக்கிற மைல்கல்லெல்லாம் ஒரே இடத்துல நிக்கும், நம்ம மைல்கல்லுக்கு மட்டும் கால் நிக்காது என்று கேலி செய்வார்கள். அவர் தன் பங்குக்கு அவளைப் பாதி டாக்டரம்மா என்பார். படம் எடுக்க மட்டும் தெரியும், மருந்து எழுதத் தெரியாதாம்.

பதினோரு வருடமாக நடக்கிற விளையாட்டு அது. போகிற ஊர்களில் கோட்டை, மண்டபம், சிலை, பாலம் எதைப் பார்த்தாலும் அதில் ஒரு துணுக்கைப் படமெடுத்து அனுப்புவார். எங்கே என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. அவரும் இருக்கக் கூடாது. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். எந்த வாசல், எந்த மூலை என்பதுவரை சொல்ல வேண்டும். அவர் பதிலுக்கு எழுதுவது இரண்டே சொல்: 'கிட்ட' அல்லது 'தூரம்'. அவள் 'தோத்துட்டேன்' என்று எழுதினால் மட்டும் இடத்தைச் சொல்லிவிடுவார். அவள் ஒருமுறைகூட அப்படி எழுதியதில்லை. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட படங்கள் உண்டு. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

அன்று அவள் ஒரு மலைக்கோட்டையின் பெயரைச் சொன்னாள். 'தூரம்' என்று வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. "தோத்துட்டேன்னு சொல்லு, சொல்லிடறேன்."

"அது மட்டும் நடக்காது" என்று எழுதிவிட்டு, சிறுமியை உள்ளே கூப்பிட்டாள்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பேருந்து முதலாளி கூப்பிட்டார். பயணிகள் கடற்கரைக் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து இரண்டு மணி நேரமாகிறதாம். வண்டி நிற்கிறது, ஓட்டுநரைக் காணவில்லை. போன் அணைந்திருக்கிறது.

அந்தக் கோட்டையின் கடல் பக்கச் சுவரில் இரண்டு காவல் கோபுரங்கள். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்து மற்றதைக் கட்டியதுபோல இருக்கும். வடக்குக் கோபுரத்துக்குப் படிக்கட்டு இடப்பக்கம், தெற்குக் கோபுரத்துக்கு வலப்பக்கம். அவர் அனுப்பிய கடைசிப் படம் இருக்கிறதா என்று, தேட வந்த போலீஸ் அதிகாரி அவளிடம் கேட்டார். அவள் போனை நீட்டினாள்.

"படிக்கட்டு இடப்பக்கம் இருக்கு சார். வடக்குக் கோபுரம்தான்" என்று அவளே சொன்னாள்.

வடக்குப் பக்கப் பாறைகளை ஒன்பது நாள் தேடினார்கள். மீனவர்கள் வலை போட்டுப் பார்த்தார்கள். தெற்குக் கோபுரத்தைச் சுற்றி முள்வேலி, அதன் கதவில் துருப்பிடித்த பூட்டு. அங்கே வேலிக்கு வெளியே நின்று இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். பத்தாம் நாள் அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அலை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்.

உடம்பு கிடைக்காத வீட்டில் அழுவதற்குக்கூட ஓர் இடம் கிடையாது என்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். வருகிறவர்கள் துக்கம் விசாரிக்கவும் தயங்கினார்கள், தைரியம் சொல்லவும் தயங்கினார்கள். எங்கே கிடக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வேறு எதுவும் வேண்டாம். அது மட்டும்.

இருபதாம் நாள் வேலைக்குத் திரும்பினாள்.

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. ஈயத் தகடு பதித்த கதவைச் சாத்திவிட்டால் பகல் வெளியேயே நின்றுவிடும். அன்று காலை அந்த அறையில் ஒரு வாடை இருந்தது. நெடுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்தப் பாசி வாடை. துடைக்கிற பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள். தனக்கு மருந்து நாற்றம்தான் தெரிகிறது என்றாள் அவள்.

பதினொன்று பத்துக்குப் போன் அதிர்ந்தது.

அவர் பெயர்.

அதே கோபுரம். அதே இடப்பக்கப் படிக்கட்டு. ஆனால் இப்போது வானம் இல்லை. கோபுரத்தை மிகக் கீழேயிருந்து அண்ணாந்து எடுத்ததுபோல இருந்தது.

அவள் எழுதினாள்: "வடக்குக் கோபுரம்."

பதில் உடனே வந்தது.

'தூரம்.'

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழைத்துக்கொண்டுபோய் ஊசி போடுவார்கள் என்பது ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்கிற அவளுக்குத் தெரியும். அதோடு, சொல்ல வெட்கமாக இருக்கிற ஓர் ஆசையும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. சரியாகச் சொல்லிவிட்டால் அவர் கிடைத்துவிடுவார்.

மறுநாள் அதே நேரத்துக்கு ஒரு பாலத்தின் வளைவு. தெரிந்த பல பாலங்களின் பெயரைச் சொன்னாள். தூரம். அதற்கு மறுநாள் ஒரு மணிக்கூண்டு. முகப்பில் எண்களுக்குப் பதில் வெறும் கோடுகள். தூரம். பிறகு ஒரு குதிரைவீரன் சிலையின் கால்கள். எல்லாமே எப்போதோ பார்த்ததுபோல இருந்தன, கனவில் வருகிற சொந்த வீட்டைப்போல. அந்தக் குதிரை தூக்கியிருந்த காலைப் பார்த்தபோது பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. படங்கள் வர வர அறையில் பாசி வாடை கனத்தது. எக்ஸ்ரே மேசையின் குளிர்ந்த விளிம்பில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது.

ஐந்தாம் நாள் ஒரு வாசல் தூண். உச்சியில் உருண்டை விளக்கு. ஏதோ ஒரு தூரதேசத்து அரண்மனையின் பெயரை வாய்க்கு வந்தபடி எழுதி அனுப்பினாள். சரியாக இருக்க வாய்ப்பே இல்லை.

'கிட்ட.'

அதன்பிறகுதான் பயந்தாள்.

அடுத்த நாள் காலையே கொழுந்தனை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். கணவரின் எண்ணை நிறுத்தியதே அவன்தான். பத்தரை மணிக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவன், அண்ணி டீ வாங்கித் தரவாவது கூப்பிட்டீங்களா என்று சிரிக்க முயன்றான். அவள் போனைக் கொடுத்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அண்ணனின் போனை யாரோ எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்றான் முதலில். பிறகு முதல் படத்துக்குத் திரும்பிப்போய் வெகுநேரம் பார்த்தான்.

"அண்ணி, இது முன் கேமராவுல எடுத்தது."

"எப்படிச் சொல்றே?"

"பின் கேமராவுல தண்ணி போயிருந்துச்சு. எடுத்தா வெறும் மூட்டம்தான் வரும். ட்ரிப் முடிச்சுட்டு வாண்ணே, மாத்தித் தரேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்." அவன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எடுத்திருக்காரு. தான் படத்துல விழாம இருக்க ஒதுங்கி ஒதுங்கிப் போயிருப்பாரு."

அவள் இருபது வருடமாக ஒவ்வொரு நோயாளியின் பக்கத்திலும் இடமா வலமா என்று காட்டுகிற சின்ன ஈய எழுத்தை வைத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறாள். அந்த எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் படிக்கக் கூடாது, படித்தால் நல்ல காலை அறுத்துவிடுவார்கள். அந்த வேலையில் முதல் நாள் பாடமே அதுதான். வீட்டு விளையாட்டில்தான் எழுத்தே கூடாது என்று இருவருமாகச் சட்டம் போட்டிருந்தார்கள்.

முன் கேமரா கண்ணாடிபோலத்தான் காட்டும். இடம் வலமாகும்.

அவன் படங்களை ஒவ்வொன்றாக இடவலம் மாற்றித் திருப்பிப் போட்டான். கோபுரத்தின் படிக்கட்டு வலப்பக்கத்துக்கு வந்தது. தெற்குக் கோபுரம். பாலம், கடற்கரைச் சாலையில் ஆற்றைத் தாண்டுகிற பாலமாகியது. மணிக்கூண்டு, தங்கள் பேருந்து நிலையத்து மணிக்கூண்டு. குதிரைவீரன், அவள் தினமும் காய்கறி வாங்கித் திரும்புகிற முச்சந்தியில் நிற்பவன்.

உருண்டை விளக்கு வைத்த தூண், இந்த ஆஸ்பத்திரியின் வாசல்.

அரண்மனை என்று அவள் உளறியதற்கு வந்த பதில் இல்லை அந்த 'கிட்ட'. அவள் சொன்னது எவ்வளவு கிட்ட என்று அவர் சொல்லவே இல்லை.

தான் எவ்வளவு கிட்ட என்று சொல்லியிருக்கிறார்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

போன் கொழுந்தனின் கையில் அதிர்ந்தது. படம் திறந்தது. சாம்பல் நிறக் கதவு, மேலே எரிகிற சிவப்பு விளக்கு, கைப்பிடியில் சுற்றிய வெள்ளை பிளாஸ்திரி.

"அண்ணி," என்று அவன் கிசுகிசுத்தான். "இது எந்தக் கதவு?"

அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கத்திலிருந்து.

வெளியே வரிசையில் இருந்தவர்களின் பேச்சு நின்றுபோயிருந்தது.

தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

கதவுக்கு அடியிலிருந்த இடுக்கில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் நடுவில் இரண்டு இருட்டுகள் இருந்தன, பாதம் வைக்கிற அகலத்தில்.

கொழுந்தன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழுத்தினாள்.

"தோத்துட்டேன்."

வெளியே சொட்டுவது நின்றது.

ஒரே சொல் வந்தது.

'தெற்கு.'

வெளிச்சக் கோடு முழுசானது. பெஞ்சில் யாரோ இருமினார்கள், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவள் கதவைத் திறந்தபோது, அடுத்து நாந்தானேம்மா என்று ஒரு முதியவர் சீட்டை நீட்டினார். அவர் செருப்பின் முனை நனைந்திருந்தது. இங்கே யார் தண்ணியக் கொட்டினாங்க என்று அவர்தான் முணுமுணுத்தார்.

அன்று மாலையே தெற்குக் கோபுரத்தின் வேலியை அறுத்தார்கள். பின்பக்கம் ஓரிடத்தில் கம்பி தளர்ந்து ஓர் ஆள் நுழைகிற வழி இருந்தது. கோபுரத்திலிருந்து முப்பதடி தள்ளிப் புல் மூடிய ஒரு பழைய மழைநீர்த் தொட்டி, மேலே உளுத்துப்போன பலகைகள். அதில் இரண்டு பலகை உடைந்து உள்ளே விழுந்திருந்தன. அடுத்த படத்துக்காக இன்னும் ஒதுங்கிப் போயிருக்க வேண்டும்.

அங்கேதான் இருந்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில்.

போன் சட்டைப்பைக்குள் இருந்தது. தண்ணீரில் விழுந்த அந்த நிமிடமே அது செத்திருக்கும் என்று, ஆய்வுக்கு அனுப்பியிருந்த இடத்தில் சொன்னார்கள். அவர் அப்படி இல்லை என்றார் மருத்துவர். அவள் விடாமல் கேட்டதால்தான் சொன்னார். கால் எலும்பு முறிந்திருந்ததாம். இரண்டு நாள், ஒருவேளை மூன்று நாள்கூட உயிரோடு இருந்திருக்கலாமாம். வேலிக்கு வெளியே நின்று இரண்டு முறை குரல் கொடுத்தவர்கள் வந்தது இரண்டாம் நாள்.

அந்தக் கணக்கை அவள் தினமும் போட்டுப் பார்க்கிறாள். அன்றைக்குச் சிறுமியைக் கூப்பிடும் முன் அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால் 'தெற்கு' என்று அப்போதே வந்திருக்கும். அதிகாரியிடம் இடப்பக்கம் என்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் போதும். சொல்லாததும் குற்றம், சொன்னதும் குற்றம். ஆறுதல் சொல்ல வந்த கொழுந்தன், கேமராவை உடனே மாத்திக் கொடுத்திருந்தா என்று ஆரம்பித்துத் தானே அழுதுவிட்டான். அவனுக்கும் சேர்த்து அவள்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

எரித்து முடித்து மூன்று மாதமாகிவிட்டது. பதினொன்று பத்துக்கு எந்தப் படமும் வருவதில்லை. அறையில் மருந்து நாற்றம் மட்டுமே. கொழுந்தன் அவளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான், புது எண்ணும் போட்டான். பழைய உரையாடலை அழித்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அப்படியே அதைப் புதியதற்கு மாற்றும்போது அவன் முகம் வெளிறியதைக் கவனித்தாள். ஏதோ கோளாறு அண்ணி, தன்னால சரியாயிடும் என்றான். செயலியை இரண்டு முறை அழித்து ஏற்றியும் பார்த்தான்.

இன்று காலையும் அவள் திறந்து பார்த்தாள். அவர் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், இன்னமும் 'தட்டச்சு செய்கிறார்' என்றுதான் இருக்கிறது.