கிட்டப் போய் எடுக்கவும்

உறைக்குள் நான்கு படங்கள்தான் இருக்க வேண்டும். ஏழு இருந்தன.

செபமாலை மறுபடியும் எண்ணிப் பார்த்தார். கந்தப்பளைப் பள்ளிக்கூட வாத்தியார் மரியநாயகத்தினது ஒன்று, நோட்டன் பிரிட்ஜ் அழகுமுத்துவினது ஒன்று, நானுஓயா ஸ்டேஷனில் வேலை பார்க்கும் வியாகுலத்தினது ஒன்று, ஹட்டனுக்கு மேலே தோட்டத்துக் கிளாக்கராக இருக்கும் அவருடையது ஒன்று. மிச்சம் மூன்றும் குண்டூசி குத்திக் கட்டாகக் கடைசியில் கிடந்தன.

ஐம்பத்தேழாம் வருஷத்திலிருந்து இந்த உறை தபாலில் சுற்றுகிறது. ஆளுக்கொரு படம் வைப்பார்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். பார்த்தவர் அதில் குறையை எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக வருவது செபமாலைக்கு. சட்டம் போட்டவரும் அவர்தான். படத்தில் பெயர் கூடாது. யார் எடுத்தது, யாரை எடுத்தது என்று கேட்கவும் கூடாது. படத்தைப் பார், குறையை எழுது, அவ்வளவுதான். முகத்தாட்சண்யம் பார்த்தால் தொழில் வருமா? வாத்தியார் உயிரைக் கொடுத்து எடுத்த அருவியை, 'ஒழுகுகிற தண்ணீர்ப் பீலி' என்று எழுதித் தள்ளியவர் அவர். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. மனைவி ஜோசப்பின் போன பிறகு அவருக்கு மனுஷர் என்று இருந்தது இந்த மூன்று பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை. ஃபேக்டரிச் சத்தம் இல்லை. மதியத்துக்கே மூடுபனி இறங்கி, தகரக் கூரையில் மழை பொடியாகத் தட்டிக்கொண்டிருந்தது. படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை வீட்டுக்குள் லேசாக அடித்தது. இரண்டு வாரமாக அவர் படம் கழுவவே இல்லை.

குண்டூசியை உருவினார்.

முதல் படத்தில் தேயிலை மலை, அதன் உச்சியில் சின்னதாக ஒரு வீடு, ஒரு ஜன்னலில் விளக்கு. அவருடைய வீடுதான். பின்னால் வாத்தியாரின் குண்டு எழுத்து: 'தேயிலை அதிகம், வீடு சிறிது. கிட்டப் போய் எடுக்கவும்.'

இரண்டாவதில் அதே ஜன்னல், பனி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜையில் குனிந்த ஒரு முதுகு. அழகுமுத்து எழுதியிருந்தான்: 'கண்ணாடி கெடுக்கிறது. உள்ளே போய் எடுக்கவும்.'

மூன்றாவதில் ஒரு பிடரி. கழுத்தோரம் நூல் பிரிந்த கம்பளிச் சட்டை. அவர் கை தானாகப் போய்த் தன் கழுத்தோரத்தைத் தடவியது. நூல் பிரிந்துதான் இருந்தது. வியாகுலத்தின் அழகான எழுத்து: 'பிடரி நன்றாக விழுந்திருக்கிறது. முகம் இல்லாமல் நிறையாது. அடுத்தது முகம்.'

மூன்றிலும் அடியில் ஒரே வரி இருந்தது: 'செபமாலைக்கு அனுப்புமுன் எடுத்துவிடவும்.'

அடப் பாவிகளா!

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தார். கோபம்கூட வந்தது. எவன் வீட்டுக்குள் வந்தான்? பிறகு தொழில் புத்தி குறுக்கிட்டது. இந்தப் படத்தை எங்கே நின்று எடுப்பது? நாற்காலிக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருக்கிறது. அதில் ஒரு ஆள் நிற்க முடியாது.

அவர் சட்டென்று எழுந்துகொண்டார்.

கதவு தட்டப்பட்டது. ஓடிப்போய்த் திறந்தார். குடையைப் பிடித்தும் முழுக்க நனைந்து வியாகுலம் நின்றான்.

"அண்ணே, கவரு வந்துருச்சா?"

"உள்ள வா."

வாசற்படியைத் தாண்டவில்லை. "பிரிச்சிட்டீங்களா? ஐயோ, மாசாமாசம் வந்தத ஒண்ணாக் குத்தி வச்சிருந்தேன், எடுக்க மறந்துட்டேண்ணே. அதுக்குத்தான் காலைல ரயில்லயே ஓடியாந்தேன்."

"யாருடா எடுத்தது இத?"

"சத்தியமா தெரியாதுண்ணே. வாத்தியாரு என்னோடதுன்னு நெனச்சாரு, நான் அழகுமுத்தோடதுன்னு நெனச்சேன். கேக்கக் கூடாதுங்கறதுதானே நம்ம சட்டம்? எழுதிட்டோம். பெறகுதான் ஒருத்தரோடதும் இல்லன்னு தெரிஞ்சிச்சு. நாம என்ன எழுதுறோமோ, அடுத்த மாசம் அப்படியே எடுத்து வச்சிருக்குது."

"தெரிஞ்ச பெறகும் எதுக்கு எழுதுனீங்க?"

வியாகுலம் அழ ஆரம்பித்துவிட்டான். "ஒரு மாசம் எழுதாம விட்டோம். அடுத்த கவருல எங்க பாப்பா தொட்டில் இருந்துச்சுண்ணே. அத அன்னிக்கே கொளுத்திப்புட்டு, மறுபடி ஒங்க படத்துக்கு எழுதினேன். திரும்பவும் ஒங்க பக்கமே வந்துருச்சு. நீங்க தனி ஆளு. நாங்க மூணு பேரும் புள்ளகுட்டிக்காரங்க."

"மூணு பேரும் பேசித்தான் செஞ்சீங்களா?"

அவன் குனிந்து சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான்.

அந்தப் பாப்பாவுக்கு ஞானத் தகப்பன் செபமாலைதான். ஞானஸ்நானத் தண்ணீர் பட்டு அது வீறிட்டு அழுதபோது ஏந்தியிருந்தவை அவர் கைகள். பயத்தையும் மீறி நெஞ்சு எரிந்தது. பேய்க்குப் பயப்படலாம், பிசாசுக்குப் பயப்படலாம். கூடச் சாப்பிட்டவனே கிட்டப் போ, உள்ளே போ என்று வழி சொல்லிக் கொடுத்ததை எங்கே போய்ச் சொல்வது?

"நகரு. நான் ஒன்னோடயே வந்துர்றேன்."

வியாகுலம் நிமிர்ந்தான். அவன் பார்வை செபமாலையின் தோளுக்கு மேலே போய், அங்கேயே நின்றது. அழுகை நின்றுவிட்டது.

"மன்னிச்சிருங்கண்ணே."

கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினான். கொண்டி விழுந்தது.

"டேய்! வியாகுலம்!"

கதவைக் குத்தினார், உதைத்தார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் கீழே எங்கேயோ இருந்தது. மழையும் பனியும் குரலைத் தின்றுவிட்டன. ஜன்னலுக்கு ஓடினார். கம்பிக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்கு வெளியே, வியாகுலம் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தான். பென்சில் எடுத்தான்.

மருந்து வாடை. மூக்கை அறுக்கிற மாதிரி. கிட்டே.

பின்னால் பலகை ஒருமுறை முனகியது. இன்னொரு முறை.

திரும்பக் கூடாது. திரும்பினால் முகம் தெரியும்.

செபமாலை கண்ணை இறுக மூடி, நெற்றியைக் கம்பியில் புதைத்துக்கொண்டார். அருள் நிறைந்த மரியே. அதற்கு மேல் வரவில்லை. கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். கண்ணைத் திறந்தார். வியாகுலம் காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்திருந்தான், எழுத்து உள்ளே தெரியும்படி. எழுத்து எப்போதும்போல அழகாகத்தான் இருந்தது.

'முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பவும்.'

அது அவருக்கு எழுதியது அல்ல.

ஈரமான, சில்லிட்ட இரண்டு விரல்கள் பின்னாலிருந்து வந்து, ஸ்டூடியோக்காரன் தொடுகிற அதே பதத்தோடு, அவர் மோவாயைப் பிடித்து மெதுவாக உயர்த்தின.