புன்னக்காயலின் மூன்று வாக்குகள்

போபால் மாநாட்டு அரங்கில் காலைத் தேநீர் முடிந்ததும் பேராளர்கள் தங்கள் ஊர்ப் பலகைக்குப் பின்னால் அமர்ந்து பக்கத்து இருக்கைகளில் பழைய பேராளர்களின் உருவங்களை எழுப்பத் தொடங்கினார்கள். ஜெசிந்தாவும் ‘புன்னக்காயல்’ என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து மேசையிலிருந்த பொத்தான்களை அழுத்தினாள். இடப்பக்கம் வெள்ளைச் சட்டையோடு, ஊரின் முதல் பேராளரான பெர்க்மான்ஸ் ஒளியுருவமாக எழுந்தார். அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வலப்பக்கம் அவளே எழுந்தாள், பன்னிரண்டு வயது இளையவளாக.

கட்சியின் சட்டம் அப்படி. தேசிய மாநாட்டுக்கு வரும் ஒவ்வொரு பேராளரின் மனத்தையும் கடைசி நாளில் படியெடுத்து வைப்பார்கள். அடுத்து வரும் மாநாடுகளில் அந்த நினைவுப்படிகளும் ஊரின் சார்பில் வாக்களிக்கும். முன்பு யோசித்து எடுத்த முடிவைப் பின்னால் வருகிறவர்கள் அவசரத்தில் கலைத்துவிடக் கூடாதாம். இதுவரை புன்னக்காயலுக்குப் பேராளராக வந்தவர்கள் இருவர்தான். ஜெசிந்தா இரண்டாம் முறையாக வந்திருந்ததால் மூன்று வாக்குகள்.

கடைசி நாளான அன்றைய தீர்மானம் கரையோர ஊர்களை மேட்டுநிலத்துக்கு மாற்றுவது. ஊரின் வாக்குகளில் பெரும்பான்மை சம்மதித்தால் மட்டும் அந்த ஊருக்கு நிலம் கிடைக்கும்.

“நான் எதிர்த்துத்தான் போடுவேன், ஜெசி. எங்கிட்ட பேசிப் பிரயோசனமில்ல” என்றார் பெர்க்மான்ஸ்.

இளையவள் அவளைக் கூர்ந்து பார்த்தாள். “நானும் அப்படித்தான். கடலை விட்டு எங்கயும் போமாட்டோம்னு இதே மேடையில சொன்னேன்லா. நீ எப்படிக்கா மாறுன?”

“பங்களாத் தெரு வரைக்கும் தண்ணி வருது.”

“எப்பவும் வாரதுதான. வடிஞ்சிரும்.”

“இப்ப வடிய மாட்டேங்குதுட்டி.”

இளையவள் நம்பவில்லை. அவள் அறிந்த கடல் வேறு. ஜெசிந்தாவுக்கு வாதாடத் தயக்கமாகவும் இருந்தது. பழைய நிலைப்பாட்டுக்கு மாறாக ஒரு படி வாக்களித்தால், யாரோ அதைத் திருத்திவிட்டார்கள் என்றே கட்சி கொள்ளும், அந்தப் படியை உடனே அழித்துவிடும். அது இருவருக்கும் தெரியும்.

“செலின் எப்படியிருக்கா?” என்று இளையவள் பேச்சை மாற்றினாள்.

“பதினஞ்சு வயசாச்சு. கோவில்பட்டியில ஹாஸ்டல்ல இருக்கா. லீவுக்குக்கூட வர மாட்டேங்கா.”

“ஏன்?”

“அலைச் சத்தம் கேட்டா தூக்கம் வரலையாம்.”

இளையவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “எம்பிள்ளையா? கடலைக் கண்டா பயப்படுதாளா?”

ஜெசிந்தா மகளை அழைத்தாள். மேசை ஒலிபெருக்கியில் செலினின் குரல் வந்தது.

“சாப்பிட்டியாம்மா? ஓட்டுப் போட்டாச்சா?”

“இன்னும் இல்லட்டி. ஊரு மேட்டுக்குப் போனா நீ வீட்டுக்கு வருவியா?”

“வருவேன். என் கட்டிலைச் சன்னல் பக்கம் போட்டுக்கலாமா?”

“போட்டுக்கோ.”

அழைப்பு முடிந்தும் இளையவள் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கெடுப்பு மணி அடித்ததும் அவள் கை சம்மதப் பொத்தானை நோக்கி நீண்டது.

“வேண்டாம். நீ போயிட்டா அந்த மூணு வயசுச் செலினை அப்படியே ஞாபகம் வச்சிருக்க ஆளில்ல. எனக்கு எல்லாம் மங்கிப் போச்சு” என்றாள் ஜெசிந்தா.

“அப்ப கேட்டுக்கோ. தண்ணியில எறக்குனா ரெண்டு காலையும் மடக்கிட்டு நம்ம கழுத்துல தொங்குவா. அலை வந்து போனதும், இன்னொண்ணு, இன்னொண்ணும்பா. இதை அவகிட்டச் சொல்லு.”

இளையவள் சம்மதப் பொத்தானை அழுத்தினாள். ஜெசிந்தாவும் அழுத்தினாள். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. புன்னக்காயலுக்கு நிலம் உண்டு. வலப்பக்கத்து இருக்கை வெறுமையாகியிருந்தது.

“நல்ல புள்ள அது” என்று பெர்க்மான்ஸ் முணுமுணுத்தார்.

மாலையில் ஊழியர் ஒருவர் வந்தார். “அம்மா, உங்க புதுப் படி எடுக்கணும். வாங்க.”

“ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா மகளை மறுபடியும் அழைத்தாள். கழுத்தில் தொங்கியதைச் சொன்னாள். இன்னொண்ணு, இன்னொண்ணு என்று கேட்டதையும் சொன்னாள். செலின் வெகுநேரம் சிரித்தாள்.

“எனக்கு இதை நீ சொன்னதே இல்லையேம்மா. இப்ப எப்படி ஞாபகம் வந்துச்சு?”

“உன்மேல உசிரா இருந்த ஒருத்தி சொன்னா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு காதிலிருந்து போய்விடும் முன் அவள் படியெடுக்கும் அறைக்கு விரைந்தாள்.