அறுநூறு மீட்டர் தூரத்தில்

மாலை ஐந்து ஐம்பதுக்குக் கேத்தல் தானாகக் கொதிக்கத் தொடங்கியது.

ஜெயந்தினி முதலில் அதை மழை என்றுதான் நினைத்தாள். முன்னறையில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தவளுக்கு, தகரத்தில் தூறல் விழுகிற அந்த மெல்லிய இரைச்சல் சமையலறையிலிருந்து வருகிறது என்று புரியச் சற்று நேரமானது. மகள் யதுஷா அவள் காலடியில் படுத்து யானைக்குப் பச்சை நிறம் பூசிக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். கேத்தலின் சிவப்பு விளக்கு எரிந்தது, மூக்கிலிருந்து ஆவி வந்தது, பழைய தண்ணீரின் துருவாடை வந்தது. பதினொரு நாளாக அவள் அந்தக் கேத்தலைத் தொடவேயில்லை. தேத்தண்ணீர் எல்லாம் அடுப்பில்தான். உள்ளே இருந்தது அன்றைக்கு வைத்த தண்ணீர்.

அன்றைக்கு என்றால், சுதாகரன் செத்த அன்றைக்கு.

அவள் புருஷன் சுதாகரன் தோஹாவில் ஒன்பது வருஷம் பணக்கார வீடுகளுக்கு வயர் இழுத்தவன். யார் யாருக்கோ கதவு தானாகத் திறக்கவும் திரைச்சீலை தானாக விலகவும் செய்து கொடுத்துவிட்டு, ஆறு பேர் படுக்கும் அறையில் சுருண்டு கிடந்தவன். ஊருக்குத் திரும்பி, மஸ்கெலியாவுக்கு மேலே பத்துப் பேர்ச் நிலத்தில் வீடு கட்டி, பழைய ஜப்பான் கார் ஒன்றும் வாங்கியபோது, அவன் முதலில் செய்த வேலை காரையும் வீட்டையும் இணைத்ததுதான். கார் எழுநூறு மீட்டருக்குள் வந்தால் கேத்தல் கொதிக்கும். ஐம்பது மீட்டரில் கேட் திறந்து வாசல் விளக்கு எரியும். கூடத்து ஸ்பீக்கரில் அவனுடைய குரலே கேட்கும்: "பாப்பா, அப்பா வந்துட்டேன்டா. செருப்ப போட்டுட்டு ஓடி வா, ஒரு ரவுண்டு போவோம்."

"பொண்டாட்டியோட பேச நேரமில்ல, காரும் வீடும் மட்டும் நல்லா பேசிக்குதுங்க" என்று அவள் கேலி செய்வாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு வயரைச் செருகுவான்.

எல்லாம் தெரிவது கூடத்துச் சுவரில் பதித்த கையகலத் திரையில். எழுத்துகளைத் தமிழில் அவனே அடித்து வைத்திருந்தான். முதல் வரி கார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும். அதைச் சொல்வது சாவிக்கொத்தில் தொங்கும் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு வில்லை. இரண்டாவது வரி பின் சீட் பெல்ட். ரவுண்டு போகும்போது பிள்ளைக்கு பெல்ட் போடுவதில்லை என்று அவள் ஓயாமல் நச்சரித்ததால், காருக்குள் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி, "இந்தா, வீட்ல இருந்தே பாத்துக்க" என்று அதையும் சேர்த்துவிட்டான். அவன் போனதிலிருந்து அந்த வரியில் 'தொடர்பு இல்லை' என்றுதான் இருக்கிறது.

முதல் வரியில் பத்து நாளாக ஒரே எண்தான். 1.4 கி.மீ. அவனைப் புதைத்த தேயிலைத் தோட்டத்து மயானம். சவப்பெட்டியை மூடுவதற்கு முன், வெற்றிலை பாக்கோடும் அவனுக்குப் பிடித்த நீலச் சட்டையோடும் சேர்த்துச் சாவிக்கொத்தையும் அவன் கைக்குள் வைத்தவள் அவள்தான். ஒன்பது வருஷ வெயிலில் சம்பாதித்த கார். சாவியாவது அவனோடு போகட்டும் என்று அழுதுகொண்டே வைத்தாள். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் அந்த எண்ணை விரலால் தொட்டுவிட்டுத்தான் போவாள். ஒன்று தசம் நான்குதான். கூப்பிடு தூரம். அதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்தது, வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இப்போது திரையில் 680 மீட்டர் என்றிருந்தது.

அவள் போனை எடுத்து நஸாருக்கு அடித்தாள். மஸ்கெலியா டவுனில் கராஜ் வைத்திருப்பவர். நொறுங்கிய காரை இழுத்துப் போனவர் அவர்தான்.

"நானா, கார யாராச்சும் எடுத்தாங்களா?"

"என்ன டீச்சர் கேக்குறீங்க? முன்பக்கம் முழுசா போயிட்டே. பெட்டரிய கழட்டி ரெண்டு கெழமையாகப் போவுது. சுதா தம்பி பூட்டின அந்தப் பொட்டியும் இந்தா என்ட மேசையில கெடக்குது." கொஞ்சம் தயங்கினார். "வீட்டுல ஏதும் கோளாறா? நம்ம கராஜ் பொடியன் பஸ்லான அனுப்புறேன், எல்லாத்தையும் கழட்டிருவான்."

"இல்ல நானா. இப்ப வேணாம்."

கழற்றினால் அந்தக் குரலும் போய்விடும். அதை எங்கே பதிந்து வைத்தான், எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுக்கூட வைக்கவில்லை.

அதற்கடுத்த நாட்களில் எண் குறைந்தது, கூடியது, மறுபடி குறைந்தது. எப்போதும் அந்தி நேரத்தில்தான். நீர்த்தேக்கத்திலிருந்து பனிமூட்டம் எழுந்து, தேயிலை மலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, கடைசியில் அவள் வீட்டு வேலிக்கு வந்து நிற்கிற நேரம். 620. 600. 590. 600. 610. அதற்கு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. அது கோயில் முடக்கு. ரோட்டு வளைந்து மூன்றாகப் பிரிகிற இடம். அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் தெரியும். அவன் கார் உருண்டதும் அங்கேதான். ஜெயந்தினி கொப்பிகளை மூடி வைத்துவிட்டுத் திரை முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் மத்தியானம் சுதாகரனின் அண்ணன் சிவசாமி வந்தார். மறுநாள் காரியங்களைப் பேசிவிட்டு, பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

"நாளைக்கு சடங்கு முடிஞ்சதும் நஸார் நானாவோட ஆள் வருவான். இதயெல்லாம் கழட்டிருவோம். இனி ஒன்னும் மிச்சம் வைக்கக்கூடாதும்மா."

"பெரியத்தான், அன்னைக்கு கோயில் முடக்குல என்ன செஞ்சீங்க?"

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தப்பு மேளச் சத்தம் வளைவில் மறைகிறவரை கேட்டில் நின்று பார்த்தவள் அவள், அவ்வளவுதான்.

"என்ன செய்வோம்? வழக்கமா செய்றதுதான். பெட்டிய கீழ வச்சு, தலமாடு கால்மாடு மாத்தி, மூணு சுத்து சுத்தித் தூக்கினோம். போறவனுக்கு வீட்டுக்கு வர்ற வழி மறந்துரணுமில்ல." கோப்பையைக் கீழே வைத்தார். "நம்ம பய. என்ன செய்றது."

அவர் போனபின் ஜெயந்தினி வெகுநேரம் அழுதாள். அவளுக்கு இப்போது புரிந்துவிட்டது. அறுநூறு, அறுநூற்றுப் பத்து, ஐந்நூற்றுத் தொண்ணூறு. மூன்று ரோட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். எந்த ரோட்டு என்று தெரியாமல் நிற்கிறான். ஒன்பது வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்கு வீடு தெரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் சிவசாமியிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

திரையின் கீழ்மூலையில் 'பனி' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் வெளிவிளக்குகள் எல்லாம் விட்டு விட்டு எரியும், கேட்டில் இருக்கும் ஹோர்ன் ஒலிக்கும். பனி அடைத்துக்கொள்ளும் நாட்களில், கோயில் முடக்கில் ரோட்டு எது பள்ளம் எது என்று தெரியாத நேரத்தில், அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அவன் காரைத் திருப்புவான். அன்றைக்கு டவுனிலிருந்து போன் செய்தான். "பனி கட்டிக்கிட்டு வருது. பட்டன அமுக்கி வச்சிரு புள்ள." அவள் 'ம்' என்றாள். யதுஷாவிடம் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். பிறகு பரீட்சைத் தாள்களை எடுத்தாள். கேத்தல் கொதித்தது. வந்துவிட்டான் என்று நினைத்தாள். கேத்தல் ஆறியது.

அவள் பட்டனை அமுக்கவேயில்லை.

சிவசாமி வந்துபோன அன்று மாலை ஐந்து ஐம்பதுக்குப் பனி வேலியைத் தாண்டி முற்றத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கேட் தெரியவில்லை. வாசற்படி மட்டும் தெரிந்தது. யதுஷா பக்கத்து அறையில் தனக்குத்தானே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கேத்தல் இரையத் தொடங்கியது. 610. 600. 600. நாளைக்கு இந்த நேரம் சுவரில் நாலு ஆணி ஓட்டைதான் இருக்கும். அவன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான், எப்போதும், அந்தப் பனிக்குள்.

"மன்னிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு ஜெயந்தினி பட்டனை அமுக்கினாள்.

வெளியே விளக்குகள் மின்னின. பனி வெள்ளையாக எரிந்து அணைந்தது, எரிந்து அணைந்தது. ஹோர்ன் பள்ளத்தாக்கில் போய் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. எண் அசையவில்லை. அறுநூறு. அறுநூறு. அவள் விரலை எடுக்காமல் நின்றாள்.

580.

540. 470. இப்போது ஏறவும் இல்லை, தயங்கவும் இல்லை. 390. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. 300. ஆமாம், அந்த வளைவு. 220. பாலம். 150. அவன் எப்போதும் வருகிற வேகம்தான் அது.

ஐம்பதில் கேட் திறந்தது. பனிக்குள் இரும்பு உருளும் சத்தம். வாசல் விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது.

"பாப்பா, அப்பா வந்துட்டேன்டா. செருப்ப போட்டுட்டு ஓடி வா, ஒரு ரவுண்டு போவோம்."

அவள் வாசலுக்கு ஓடினாள். பதினைந்து நாளாக ஏங்கிய குரல். அதைத் தவிர அந்த நேரம் அவளுக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

முற்றத்தில் ஒன்றும் இல்லை. பனி மட்டும். சல்லிக்கல்லில் டயர் நொறுங்குகிற சத்தம் கேட்டது, மெதுவாக வந்து, நின்றது. எஞ்சின் சத்தம் இல்லை. வாடை வந்தது. ஈரச் செம்மண். கருகிய சூடம். நாள்பட்ட செவ்வந்தி மாலை.

"என்னங்க?" என்றாள்.

இன்னும் இரண்டு படி இறங்கினாள். கேட்டுவரை போனாள். கையை நீட்டித் துழாவினாள். ஈரம். குளிர். வெறும் காற்று.

பின்னால், வாசற்படிப் பக்கம், கார்க் கதவு ஒன்று திறந்தது.

அவள் திரும்பினாள். விளக்கு மின்னியபோது படி தெரிந்தது. அணைந்தது. மின்னியது. படியில் சின்னச் செருப்பு ஒன்று கிடந்தது. ஒன்றுதான்.

கதவு மூடிய சத்தம்.

"யதுஷா!"

சல்லிக்கல் நொறுங்கியது. அவளைத் தாண்டி ஏதோ போனது. அவள் பாவாடை அந்தக் காற்றில் அசைந்தது. பனிக்குள்ளிருந்து முணுமுணுப்பு. அதே பாட்டு. நின்றுபோனது.

வீட்டுக்குள் ஓடினாள். அறையில் யானைப் படம் இருந்தது. பென்சில் உருண்டு கொண்டிருந்தது. கேட் தானாக மூடியது. வாசல் விளக்கு அணைந்தது. கார் வெளியே போனால் வீடு செய்கிற வேலை அது.

80 மீட்டர். 150.

பட்டனை அமுக்கினாள். விளக்குகள் மின்னின. ஹோர்ன் அலறியது. 300. அமுக்கினாள். 470. திரும்பி வாங்க. அமுக்கினாள். புள்ளைய விட்டுட்டுப் போங்க. 600. கோயில் முடக்கு. அங்கே நிற்கவில்லை. ஒரு நொடிகூட நிற்கவில்லை. இப்போது அவனுக்கு வழி நன்றாகத் தெரிந்திருந்தது.

1.4 கி.மீ.

எண் நின்றது. அவள் பட்டனை அமுக்கியபடியே இருந்தாள். எண்ணுக்குக் கீழே, பதினைந்து நாளாகத் தொடர்பு இல்லாமல் கிடந்த வரி பச்சையாக மாறியிருந்தது.

பின் சீட் பெல்ட்: போடப்பட்டுள்ளது.