இரண்டு மணிக்குள் ஒரு கேள்வி

"ஒரு அஞ்சு நிமிஷம்... உங்க போனைக் கொஞ்சம் தர முடியுமா? ரெண்டு மணிக்குள்ள ஒரு வேலையை முடிச்சாகணும்."

ரயேன் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஒருவன் தொப்பலாக நனைந்து நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து வழிந்த மழைத் தண்ணீர் மூக்கு நுனியில் வந்து சொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்கு நேரமில்லை போலிருந்தது. ஆனால் கண்கள்... சர்க்கரைப் பாகு சிவக்கும்போது வருமே, அந்தப் பழுப்பு. இதையெல்லாம் கவனிக்க இது நேரமா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

தென்கோடி ஆற்று நகரமான வல்திவியாவில் குளிர்கால ஜூன் மாதம் மழை பெய்வது ஒரு செய்தியே அல்ல. ஆற்றங்கரை மீன் சந்தையின் தகரக் கூரை தடதடத்துக்கொண்டிருந்தது. பின்னால் கடல்சிங்கங்கள் மீன் தலைக்காகக் கத்தின. வியாழன்தோறும் மதிய இடைவேளையில், தான் வேலை பார்க்கும் பிசியோதெரபி நிலையத்திலிருந்து நடந்து வந்து, ஓர்தென்சியாவின் கடையில் ஒரு கிலோ மெர்லூசா மீன் வாங்குவது ரயேனின் வழக்கம். அவளிடம் இப்படி மாறாத வழக்கங்கள் நிறைய உண்டு.

"உங்க போனுக்கு என்ன ஆச்சு?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். அதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"யார்கிட்ட பேசணும்?"

"பேசவே வேண்டாங்க. பாங்க் இணையதளத்துக்குள்ள போகணும். என் ஃபண்டை விக்கணும். மொத்தத்தையும். ரெண்டு மணிக்குள்ள சொன்னாத்தான் இன்னைக்கு விலை. தாண்டிட்டா நாளைக்கு விலை. மணி இப்பவே ஒண்ணு அம்பது!"

பைக்குள் போன ரயேனின் கை அப்படியே நின்றது. பத்தொன்பது வயதிலிருந்து பதினாலு வருஷமாகத் தன் சேமிப்பைத் தானே பார்த்துக்கொள்கிறவள் அவள். உலகப் பங்குகளை மொத்தமாக வாங்கும் இ.டி.எஃப். ஃபண்டு அறுபது சதம், கடன்பத்திர ஃபண்டு முப்பது சதம், எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற ஃபண்டில் பத்து சதம். வருஷத்தில் ஒரே நாள், செப்டம்பர் இருபதாம் தேதி, ஊரே தேசிய விழாவில் காசைக் கரைத்துவிட்டுத் தூங்கும் நாளில் கணக்கைத் திறப்பாள். ஏறினதில் கொஞ்சம் விற்று, இறங்கினதில் கொஞ்சம் வாங்கி, பழையபடி சதவீதத்துக்குக் கொண்டுவந்து மூடிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இந்தப் பணம் உங்களுக்கு எப்போ வேணும்?"

"என்னது?"

"எப்போ செலவு பண்ணப் போறீங்கன்னு கேட்டேன். பத்து வருஷம் கழிச்சுன்னா இன்னைக்கு விக்கறது தப்பு..."

"ஏங்க, நான் போன் கேட்டேனா, பாவமன்னிப்பு கேட்டேனா?"

மீனைச் செதில் சீவிக்கொண்டிருந்த ஓர்தென்சியா கத்தியை நிறுத்தினாள். "சண்டை போடறதா இருந்தா ஆளுக்கு ஒரு கிலோ வாங்கிட்டுப் போடுங்க. என் கடை வாசல் இலவசம் இல்ல."

ரயேன் போனை நீட்டினாள். அவன் ஈர விரலைக் கால்சட்டையில் துடைத்துத் துடைத்துத் தட்டினான். கடைசிப் பக்கம் வந்தது. 'உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிய ஆறு இலக்க எண்ணைப் போடவும்' என்றது திரை.

இருவரும் ஒரே நேரத்தில், அவன் சட்டைப் பையில் செத்துக் கிடந்த போனைப் பார்த்தார்கள்.

மணி இரண்டு ஆயிற்று.

"நீங்க மட்டும் கேள்வி கேக்காம இருந்திருந்தா..."

"கேக்காம இருந்திருந்தாலும் அந்த எண் உங்க குளிச்ச போனுக்குத்தாங்க போயிருக்கும்!"

அவனுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் இன்னும் கோபம் வந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனான். போகிற அவசரத்திலும் ஒரு நன்றி சொன்னான் என்பதை ரயேன் மாலையில்தான் நினைத்துப் பார்த்தாள்.

*

அடுத்த வியாழக்கிழமை அவன் ஓர்தென்சியாவின் கடையில் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். தலை வாரியிருந்தது.

"ரெண்டு லட்சத்து இருபத்தொம்பதாயிரம் பேசோ," என்றான்.

"மெர்லூசாவா? அவ்வளவு விலை ஏறிடுச்சா?"

"மறுநாள் விலைக்கு வித்ததுல எனக்குப் போனது. உங்க கேள்விக்கு ரொம்ப விலைங்க." சொல்லும்போதே சிரித்துவிட்டான். "பேரு பல்தசார். மரப்படகு கட்டறேன்."

ரயேனுக்கும் சிரிப்பு வந்தது. மழை விட்டிருந்த சமயம் அது. சந்தை ஓரப் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு காப்பி குடித்தார்கள். அவன் கைகளில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அதை மறைக்கிற மாதிரி காப்பிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். கூச்சம் தெளிந்ததும் கதையைச் சொன்னான்.

அப்பா விட்டுப்போன படகுக் கொட்டகை ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. பாதி அவனுக்கு, பாதி கொன்செப்சியோனில் இருக்கும் அக்கா எல்வீராவுக்கு. அக்காவின் பாதியை அடுக்குமாடி கட்டுகிற ஒருவன் கேட்டான். நானே வாங்கிக்கொள்கிறேன் என்றான் பல்தசார். இருபத்திரண்டு மில்லியன். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள். கையில் இருபது இருந்தது. மீதி இரண்டை எப்படியாவது வளர்த்துவிடலாம் என்று மார்ச்சில் எல்லாவற்றையும் பங்கு ஃபண்டில் போட்டான்.

"யார் சொன்னா?"

"எங்க ஃபுட்பால் கிளப் மெசேஜ் குரூப். திங்கட்கிழமை ஆனா ஒருத்தர் 'ஏறு'ன்னுவாரு, இல்லன்னா 'இறங்கு'ன்னுவாரு. எல்லாரும் ஏறுவோம், இறங்குவோம்."

அந்த நாட்டில் இது புதிதல்ல. ஓய்வூதியப் பணமே, ஆபத்து அதிகமான ஏ முதல் பாதுகாப்பான ஈ வரை ஐந்து ஃபண்டுகளில்தான் கிடக்கிறது. அதையே ஏ-யிலிருந்து ஈ-க்கும், ஈ-யிலிருந்து ஏ-க்கும் வாரந்தோறும் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய ஜனங்கள். பல்தசார் மூன்றே மாதத்தில் ஐந்து முறை ஓடியிருந்தான். ஏறி முடித்த பிறகு ஏறினான், விழுந்து முடித்த பிறகு இறங்கினான். இருபது இப்போது பதினேழு புள்ளி நாலு.

ரயேன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு மாசத்துல வேணுங்கிற பணத்தையா பங்குல போட்டீங்க? அதுவும் அப்பா இடத்துக்கு வெச்சிருந்த பணத்தை? சின்னப் புள்ளகூட இப்படிச் செய்யாதே!"

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பழுப்புக் கண்களில் இருந்த சிரிப்பு சட்டென்று அணைந்துவிட்டது. அவன் எழுந்து, காப்பிக்குக் காசு வைத்தான், இரண்டுக்கும்.

"நீங்க கரெக்டா சொல்றீங்க," என்றான் அமைதியாக. "கரெக்டா சொல்றவங்க பக்கத்துல உக்காந்து காப்பி குடிக்கறதுதான் கஷ்டம்."

*

அதற்கப்புறம் மூன்று வியாழக்கிழமைகள் வந்து போயின. அவன் மட்டும் வரவில்லை.

ரயேன் தன்னிடமே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். மதியம் ஆனால் போனைத் திறக்கிறாள். தன் கணக்கை அல்ல... அவன் விற்றுவிட்டுப் போன அந்த ஃபண்டின் விலையைப் பார்க்கிறாள். அதில் அவளுக்கு ஒரு யூனிட்கூடக் கிடையாது. அவனுக்கும் இப்போது கிடையாது. ஏறினால் 'ஐயோ, விற்றுவிட்டானே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கினால் 'அப்பாடா' என்றிருந்தது. பதினாலு வருஷமாக வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் பார்த்தவள், யாருக்கும் இல்லாத ஃபண்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு ரயேன்...'

நாலாவது வியாழக்கிழமை ஓர்தென்சியா மீனைப் பொட்டலம் கட்டியபடியே சொன்னாள். "பழைய பாலத்தைத் தாண்டி மூணாவது கொட்டகை. பச்சைக் கதவு."

"நான் கேக்கவே இல்லையே!"

"மூணு வாரமா மீனைப் பார்க்காம ரோட்டைப் பார்த்துட்டு மீன் வாங்கறே. போ, போ. அந்த ஆளை நினைச்சுக்கிட்டே போன வாரம் எனக்கு ரெண்டு தடவை காசு குடுத்துட்டே. நானும் வாங்கிட்டேன்."

பச்சைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சைப்ரஸ் மர வாசனை. கவிழ்த்துப் போட்ட படகுக்கு அந்தப் பக்கம் இழைப்புளியோடு நின்ற பல்தசார், அவளைப் பார்த்ததும் அசையாமல் நின்றான்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் ரயேன் ஒரே மூச்சில். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சொன்னது தப்பில்ல. சொன்ன விதம் தப்பு."

"மன்னிப்புலகூடத் திருத்தமா?" அவன் உதடு லேசாக வளைந்தது. "உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், பார்த்து."

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை. சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இல்லை. சொன்னால் அக்கா அந்த அடுக்குமாடிக்காரனுக்கே கொடுத்துவிடுவாள். பிறகு இந்தக் கொட்டகை, இந்த ஆற்றுத் துறை எல்லாம் போய்விடும். இதையெல்லாம் அவன் இழைப்புளியைப் பார்த்தே சொன்னான்.

"இப்பவே பேசுங்க. நான் இருக்கேன்."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு போனை எடுத்து, மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டான். எல்லாவற்றையும் சொன்னான். குரூப்பை, ஏறினதை, இறங்கினதை, பதினேழு புள்ளி நாலை. மறுமுனையில் எல்வீரா குரலை உயர்த்தினாள்.

"அடேய் பல்தசார்... ஆகஸ்ட்டுன்னு நான் எப்படா சொன்னேன்?"

"அக்கா?"

"நீதானே நெஞ்சை நிமித்திக்கிட்டு, 'ஆகஸ்ட்டுக்குள்ள முழுசையும் வெக்கறேன் பாரு'ன்னு சவால் விட்டே! நான் கேட்டேனா? அந்தக் கட்டடக்காரனை ஏப்ரல்லயே வெரட்டிட்டேன். எனக்கு அடுத்த வருஷம் டிசம்பர்ல குடு போதும், அப்பதான் பெரியவ காலேஜ் போறா."

"ஏன்க்கா இதை முன்னாடியே சொல்லல?"

"நீ கேட்டாத்தானே! போன் பண்ணா, 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு வெச்சிடறே. இன்னொரு தடவை அந்தத் திங்கட்கிழமைக்காரன் பேச்சைக் கேட்டே, பாதி இல்ல, முழுக் கொட்டகையும் எனக்குத்தான். ஆமா, பக்கத்துல யாரு? ஸ்டூல் ஆடற சத்தம் கேக்குதே?"

ரயேன் மூச்சைக்கூட விடவில்லை. பல்தசார் அவசரமாக போனை வைத்தான். வைத்த கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பின் நடுவில் அழுதானா என்பது ரயேனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிறகு பலகைத் துண்டு ஒன்றில் பென்சிலால் கணக்குப் போட்டார்கள். பதினேழு புள்ளி நாலையும், ஏறி இறங்காத, எப்போதும் எடுக்கக்கூடிய ஃபண்டில் போடுவது. மாதம் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் அதில் சேர்ப்பது. பதினேழு மாதத்தில் முடிந்துவிடும். அவ்வளவுதான். ஒரு மாயமும் இல்லை.

பல்தசார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"உங்க பணம்... உங்களுக்கு எப்போ வேணும்?"

ரயேன் பலகையில் இருந்த கணக்கைப் பார்த்தாள். கூரையில் மறுபடி மழை பிடித்துக்கொண்டது.

"தெரியல," என்றாள். "எனக்கு அப்போ பதினெட்டு வயசு. அப்பா வீட்டை விட்டுப் போன அன்னைக்கு அம்மா கையில பஸ்ஸுக்குக்கூடக் காசு இல்ல. யாரையும் நம்பி நிக்கக் கூடாதுன்னு அப்புறம் சேர்க்க ஆரம்பிச்சேன். எவ்வளவு சேர்ந்தா பயம் போகும்னு எங்கயும் எழுதி வைக்கல. ஊருக்கெல்லாம் 'எப்போ வேணும்'னு கேக்கறேன்... எனக்கே தேதி இல்ல."

அவன் கரெக்டாக எதுவும் சொல்லவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்து, அவள் கோப்பையை நிரப்பி, சூடாக அவள் கையில் வைத்தான். அவ்வளவு அருகில் வந்தவன் ஏனோ உடனே விலகிப் போய் நின்றுகொண்டான்.

*

அதற்கடுத்த வியாழக்கிழமை ரயேன் மீன் சந்தைக்குப் போகவில்லை. ஆப்பிள் கூக்கென் கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராகப் பச்சைக் கதவுக்கு வந்தாள்.

"எனக்கு ஒரு படகு வேணும். துடுப்புப் படகு. சின்னதா. முன்பணம் எவ்வளவு?"

பல்தசாரின் முகம் இறுகியது. "இது உதவியா? உதவின்னா வேண்டாங்க."

"உதவி பண்ணணும்னா பணத்தைக் கையில குடுத்துட்டுப் போயிருப்பேனே. இந்த ஆத்துப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்தேன், ஒரு நாள்கூட அக்கரைக்கு நானா போனதில்ல. எனக்குப் படகு வேணும்."

அவன் அவள் கண்களையே பார்த்தான். பொய் இல்லை. விலையைச் சொன்னான். ஒரு பைசா குறைக்கவில்லை, அவளும் பேரம் பேசவில்லை.

ரயேன் போனை எடுத்தாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, செப்டம்பர் இருபது அல்லாத ஒரு நாளில் தன் கணக்கைத் திறந்தாள். அந்தப் பத்து சதத்திலிருந்து ஒரு பகுதியை விற்கச் சொன்னாள்.

"மணி ஒண்ணு அம்பத்தி மூணு," என்றான் பல்தசார். "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. நல்லா யோசிச்சுக்குங்க."

"பதினாலு வருஷம் யோசிச்சாச்சு."

திரை ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. உடனே போன் அதிர்ந்தது. எண் வந்துவிட்டது. ரயேன் அதைப் போடவில்லை. போனை அப்படியே அவன் பக்கம் நீட்டினாள்.

"இந்தா... நீயே போடு."

நீ என்ற அந்த ஒரு சொல்லில் பல்தசாரின் காது நுனி வரை சிவந்துவிட்டது. மரத்தூள் ஒட்டிய விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினான்.

"எத்தனை பேர் உக்காரணும்?" என்றான் தலை நிமிராமல். "படகுல."

"ரெண்டு பேர்." அவள் குரலும் இறங்கிவிட்டது. "பல்தசார்... நான் எதையுமே வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பேன். அதுதான் என் வழக்கம். ஆனா உன்னைத் தினமும் பார்க்கணும் போல இருக்கு. எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

மழைச் சத்தத்தை மீறி அவன் மூச்சு விடுவது கேட்டது. போனைப் படகின் மேல் வைத்துவிட்டு, முதல் தடவையாக அவள் கையைப் பிடித்தான்.

"தினமும்னா... எப்போலேருந்து?"

ரயேன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு மணி இன்னும் ஆகலையே," என்றாள். "இன்னைக்கிலேருந்துதான்."